மின்னாவிப் பேரவையின் மகளிரணித் தலைவி

"அத்த கீய வை. தொடாதேன்னு சொல்றேன்ல—"

"வெச்சிட்றேன் பாய், இன்னா ஃபிளேவருன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா—"

"ஃபிளேவரா? ஆஸ்பத்திரி மருந்துப்பா அது. எம் பொண்டாட்டிக்கு மூச்சு—"

"எல்லாரும் மருந்துன்னுதான் பாய் சொல்றாங்க, போலீசு பயம். எங்களாண்ட மறைக்கவே வோணாம், நாங்க உங்க ஆளுங்க—"

"யாருக்கு யாரு ஆளு? உன் மூஞ்சியவே நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரஹீமுன்னிசாதான் பதில் சொல்ல வேண்டியவள். ஆனால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிய மாஸ்க்குக்குள் மருந்து ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாராலும் சண்டையில் கலந்துகொள்ள முடியாது. மாஸ்க்கின் ஓட்டைகள் வழியாக மிச்ச ஆவி வெளியே வந்து, ஜன்னல் கம்பியைத் தாண்டி, கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் எண்ணூர் ரோட்டுப் பக்கம் போனது. அந்த வெள்ளை ஆவியைப் பார்த்துத்தான் இந்தத் தாடிக்காரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்திருந்தான். அவள் புருஷன் உசேன் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து பார்த்தால், முன்பின் தெரியாதவன் ஒருவன் மெஷினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருந்து தீர்ந்ததும் அவள் மாஸ்க்கைக் கழற்றினாள்.

"நெபுலைசரு நைனா இது. எனக்கு ஆஸ்துமா. நீ இன்னா விக்க வந்தே?"

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவன், வண்ணாரப்பேட்டை மொத்த வியாபாரி தவசிமுத்துவின் மகன் ஜெபின், முகம் மலர்ந்து போனை எடுத்தான்.

"டாடி, ஒரு லேடி மாட்டிச்சு. மைனாரிட்டி. எண்ணூரு. ஆவி வுட்றாங்க டாடி. லீகலா."

மின்சிகரெட்டை அரசாங்கம் தடை செய்து சில வருஷம் ஆகிறது. தயாரித்தாலும் விற்றாலும் கப்பலில் கொண்டுவந்தாலும் குற்றம். செல்போன் உறை விற்கும் தவசிமுத்துவுக்கு அதைப் பற்றியோ, தனிமனித சுதந்திரத்தைப் பற்றியோ பேரன் எடுக்கிற வயதுவரை எந்தக் கருத்தும் இருந்ததில்லை. போன வருஷம் அவருக்கென்று வந்த கண்டெய்னரைத் துறைமுகத்தில் திறந்து பார்த்துவிட்டார்கள். விளையாட்டுச் சாமான் என்று எழுதிய பெட்டிகளுக்குள் மாம்பழ வாசனை மின்சிகரெட்டுகள் இருந்தன. காலையில், அந்தச் சரக்குக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று வக்கீல் மூலம் சொல்லிவிட்டார். சாயங்காலம், அந்தச் சரக்கை விடுவிக்கும்வரை ஓய்வதில்லை என்று வடசென்னை மின்னாவி நுகர்வோர் உரிமைப் பாதுகாப்புப் பேரவையைத் தொடங்கினார். 'வேப்' என்பது வெள்ளைக்காரன் வார்த்தை, தமிழன் தமிழில்தான் ஊத வேண்டும் என்று தொடக்கக் கூட்டத்தில் ஒருவர் அழுதார். மின்னாவி என்ற சொல் அந்தக் கண்ணீரில் பிறந்தது.

பேரவைக்குக் கொடி இருந்தது, பாட்டு இருந்தது, பொருளாளர் இரண்டு பேர் இருந்தார்கள். தெருவில் நின்று நாலு பேர் பார்க்க ஊதிக் காட்டத்தான் ஆள் இல்லை. ஊதினால் பிடித்துக்கொண்டு போவார்கள். சிறை செல்லத் தயார் என்று தினமும் அறிக்கை விடுகிறவர்களுக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் தயக்கம்.

தவசிமுத்து அன்றைக்கே சால்வையோடு வந்தார். ரஹீமுன்னிசாவுக்குப் போர்த்தினார். மே மாதம்.

"பாயம்மா, நீங்க ஒண்ணும் பேசாண்டாம். மேடையில சும்மா இருந்து, ஆவி விட்டாப் போதும். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்."

"நான் அத்த ஊதறவ இல்லியே ஐயா."

"யாரு ஊதுதா? நான் மட்டும் ஊதுனேனா? எனக்கு அந்த வாடையே ஆகாது. எங்க வீட்டுப் பிள்ளைய எவனாவது ஊதுனா காலை ஒடிச்சிருவேன்."

"அப்பால எதுக்கு ஐயா போராட்டம்?" என்றான் உசேன்.

"அது உரிமை பாய். உரிமைங்கது மத்தவன் வீட்டுப் பிள்ளையளுக்கு."

உசேன் வாயைத் திறப்பதற்குள் ரஹீமுன்னிசா முந்திக்கொண்டாள்.

"எனுக்கு ஒரு இன்வெர்ட்டரு வாங்கித் தருவீங்களா?"

இதுதான் அவள் விஷயம். அந்தத் தெருவில் கொடியில் காயும் துணியைத் தட்டிவிட்டுத்தான் மடிக்க வேண்டும்; காற்று திரும்பினால் அவ்வளவு சாம்பல் வரும். சாம்பல் வந்தால் மெஷின் வேண்டும், மெஷினுக்குக் கரண்ட்டு வேண்டும். மின்சாரம் தயாராகிற அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். இருந்தும் வாரத்தில் பாதி நாள் கரண்ட்டு இருக்காது. அப்போதெல்லாம் உசேன் மெஷினைப் பையில் போட்டு பைக்கின் முன்னால் மாட்டி, அவளைப் பின்னால் உட்காரவைத்து, தான் டிரெய்லர் லாரி ஓட்டும் கண்டெய்னர் யார்டின் எடை மேடைக்குக் கொண்டுபோவான். அங்கே ஜெனரேட்டர் உண்டு. லாரிகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, எடை போடுகிறவனின் நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சை வாங்கிக்கொண்டு வருவாள். போன மாதம் ஒரு தரம் அந்த ஜெனரேட்டரும் ரிப்பேர். அன்றைக்கு அவள் உதடு நீலம் பாரித்ததை உசேன் பார்த்தான். அவன் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"பேட்டரியோட தாரேன்," என்றார் தவசிமுத்து. "மேல என் படம் ஒண்ணு ஒட்டியிருக்கும். அவ்வளவுதான்."

அவர்கள் போனதும் உசேன் கத்தினான்.

"எவனோ போதைய விக்க நீ போயி மேடையில குந்துவியா?"

"நீ ஒரு எடம் சொல்லு, அங்க போயி குந்தறேன். எடை மேடையில லாரியோட லாரியா குந்தி எனுக்குப் பேஜாராயிடுச்சுயா."



அடுத்த நாள் அவளைக் கல்மண்டபத்திலிருந்த ஆளுங்கட்சி ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். வட்டச் செயலாளர் கன்னியப்பன் காலை நாஸ்தாவில் இருந்தார். வடைக்கு நடுவே கேட்டார்.

"உங்களாண்ட எவ்ளோ ஓட்டு கீது?"

"வடசென்னையில ஏகப்பட்ட பேரு ஊதறாங்க தலைவரே," என்றான் ஜெபின்.

"ஊதறவன யாரு கேட்டா? ஓட்டு."

ஜெபின் அப்பாவைப் பார்த்தான். அப்பா விட்டத்தைப் பார்த்தார்.

"பாதிப் பேரு பத்தாவது படிக்கிறாங்க தலைவரே."

"மீதி?"

"மீதி ஒம்போதாவது."

கன்னியப்பன் கோபப்படவில்லை. அனுபவசாலி.

"எதிர்கால வாக்காளருன்னு போட்டுக்க. இந்தம்மா யாரு?"

"மகளிரணித் தலைவி," என்றார் தவசிமுத்து. ரஹீமுன்னிசாவுக்கு அந்த நிமிஷம்தான் அது தெரியும்.

"நோயாளியா?"

"ஆமா தலைவரே, ஆஸ்துமா. பாத்தாலே தெரியும்."

"எங்க, கொஞ்சம் இருமும்மா பாக்கலாம்."

மரியாதைக்கு ஒரு இருமல் இருமப் போனவளுக்கு நிஜமாகவே வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். யாரும் தண்ணீர் தரவில்லை. எல்லோரும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரிஜினலு," என்றார் கன்னியப்பன், கையைத் துடைத்துக்கொண்டு. "சரி, நான் சப்போர்ட் பண்றேன். மேல கீறவங்க எதிர்ப்பாங்க. கண்டுக்காத. சப்போர்ட்டும் எதிர்ப்பும் ரெண்டுமே நம்ம கட்சியாண்ட இருந்தாத்தான் எவனும் உள்ள பூர முடியாது. போஸ்டர்ல என் படம் பெருசா, உன் படம் நடுவால. இந்தம்மா படம் சின்னதாப் போடு. மாஸ்க்கோட போடு, மூஞ்சி கலீஜாத் தெரியக்கூடாது."

மூச்சுவிடும் அறப்போர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கல்மண்டபத்தில் பந்தல், வாடகை ஜெனரேட்டர், நாலு மைக்கு. வெள்ளைச் சட்டை போட்ட பேரவைக்காரர்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள். உள்ளே வரும்போதே ஒருவரையொருவர் பையைத் தடவிப் பார்த்து, யாரிடமும் மின்னாவிக் கருவி இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். மேடை நடுவே மாலை போட்ட நாற்காலியில் ரஹீமுன்னிசா. மடியில் மெஷின்.

ஆவி வந்தது. ஆனால் பெரும்பகுதி அவளுக்குள்ளேயே போய்விட்டது. கேமராக்காரர் ஒருவர் ஒன்றும் தெரியவில்லை என்று கையாட்டினார். ஜெபின் மேடையேறி வந்து, அவள் முகத்திலிருந்து மாஸ்க்கை உருவி, கூட்டத்தைப் பார்த்து உயர்த்திப் பிடித்தான். குபுகுபுவென்று வெள்ளை ஆவி கிளம்பியது. கைதட்டல் எழுந்தது.

"நைனா, மருந்து வீணாப் போவுதுப்பா, என்னாண்ட குடு."

"ஒரு நிமிஷம்மா. லைவ்ல போய்க்கினு கீது."

தவசிமுத்து மைக்கைப் பிடித்தார். வீட்டில் பேசும் தமிழைக் கீழே விட்டுவிட்டு, மேடைத் தமிழோடு ஏறியிருந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. காற்று யாருடையது? அரசாங்கத்தின் அப்பன் வீட்டுச் சொத்தா? ஒரு குடிமகன் தன் நுரையீரலுக்குள் எதை அனுப்புவது என்பதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும். இதோ இந்தத் தாயைப் பாருங்கள். எண்ணூரில் வாழ்கிறார். சாம்பலைச் சுவாசிக்கிறார், சந்தோஷமாகச் சுவாசிக்கிறார், நாங்கள் குறை சொன்னோமா? தொழில் வளர வேண்டும், சொன்னோமா? நாங்கள் கேட்பதெல்லாம், அந்தச் சாம்பலோடு கொஞ்சம் மாம்பழ மணமும் சேரட்டும் என்பதுதான்."

ரஹீமுன்னிசா இருமத் தொடங்கினாள்.

"பார்த்தீர்களா, அடக்குமுறையால் இருமுகிறார்," என்றார் தவசிமுத்து.

அப்போதுதான் ஜீப் வந்தது. மின்சிகரெட் தடைச் சட்ட அமலாக்க அதிகாரி அலெக்ஸாண்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேடையேறினார். நல்ல மனிதர், அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினார்.

"இது கரண்ட்டுல ஓடுதாம்மா?"

"ஓடுது சார்."

"ஆவி வருதா?"

"வருது சார்."

"அதை உள்ள இழுக்கறீங்களா?"

"இழுக்கலன்னா செத்துப்புடுவேன் சார்."

"அதுக்குப் பேருதாம்மா அடிமைப்பழக்கம்."

உசேன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து டாக்டர் சீட்டை நீட்டினான். அலெக்ஸாண்டர் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"இதுல மருந்து எழுதியிருக்கு. மெஷின் எழுதலையே பாய். மருந்து உங்ககிட்டயே இருக்கட்டும்."

"மெஷின் இல்லாம மருந்த இன்னா பண்றது சார்? சோத்துல பெசஞ்சு துன்றதா?"

அலெக்ஸாண்டர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதா பாய்? என் வீட்லயே ஒண்ணு இருக்கு. ஆனா இவர் இத்தனை கேமரா முன்னாடி இதை மின்னாவின்னு அறிவிச்சிட்டார். நான் எடுக்காமப் போனா என்னை எடுத்துடுவாங்க. தலைவரே, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இது நெபுலைசர், உங்க சாமான் இல்லைன்னு. வெச்சிட்டுப் போயிடறேன்."

நாலு மைக்கும் தவசிமுத்து பக்கம் திரும்பின. ரஹீமுன்னிசா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"சொல்லுங்க ஐயா. ஒரு வார்த்ததான கேக்கறாரு."

மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் தவசிமுத்துவின் காதுப் பக்கம் சாய்ந்தார். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது, அவளுக்கும் கேட்டது.

"புடுங்கிக்கினு போனாத்தான் நியூஸு. சொம்மா வுட்டுட்டுப் போனா நாளைக்கு எவன் உன்னப் பத்திப் பேசுவான்? உன் கண்டெய்னரு அங்கியே குந்திக்கினு கீதுன்னு ஞாபகம் வெச்சுக்க."

தவசிமுத்து அவளைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அதிகாரி அவர்களே, இது நெபுலைசர் அல்ல. இது எங்கள் ஆயுதம். இந்தத் தாய் மனமுவந்து தருகிறார். கொண்டு போங்கள்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மெஷினை பிளாஸ்டிக் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். மாஸ்க்கின் உள்பக்கம் அவள் மூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. அலெக்ஸாண்டர் இறங்குமுன் திரும்பி வந்தார்.

"எண்ணூர்லயா இருக்கீங்க? அங்க காத்து சரியில்லைம்மா. உங்க உடம்புக்கு ஆகாது. வேற எடம் பாருங்க."

மறுநாள் கொருக்குப்பேட்டையிலிருந்து கத்திவாக்கம்வரை போஸ்டர். மூச்சுத் திணறும் ஜனநாயகம் என்று மேலே, அவள் படம் கீழே ஓரத்தில். சுவரில் போஸ்டர் ஏற ஏற, கடை அலமாரிகளிலிருந்து மெஷின் இறங்கியது. உசேன் ஒவ்வொரு மருந்துக்கடையாகக் கேட்டான்.

"நெபுலைசரா? அந்த பாயம்மா கேசுல வந்த சாமானா?" என்றார் திருவொற்றியூர்க் கடைக்காரர். "டிவியில பாத்ததுலேருந்து எல்லாத்தையும் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிச்சிட்டேன் பாய். இருமல் டானிக்கு தரட்டுமா? அதுக்குக் கரண்ட்டு வோணாம்."

அமலாக்க ஆபீசில், பரிசோதனைக் கூடம் சான்று தந்ததும் மெஷினை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கூடம் எங்கே என்றான். கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். ஜெபினிடம் போனான். புதுசு ஒன்று நீங்களே எங்கிருந்தாவது வாங்கித் தாருங்கள் என்றான்.

"இப்பப் போயி வேற மெஷின் வாங்கினா கேஸு நீர்த்துப்பூடும் பாய். கஷ்டம் கன்டினியூ ஆவணும். அதுதான் நம்ம பலம்."

"யாரு கஷ்டம்பா?"

"நம்ம கஷ்டம்தான் பாய்."

அவளுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு பைக்கில் கொண்டுபோனான். அங்கே வரிசையில் நின்று மெஷினில் உட்கார்ந்து, கொஞ்சம் தெளிந்து, லாரிகளுக்கு நடுவே திரும்பி வருவதற்குள் போனது திரும்பவும் வந்துவிடும். ஒரு நாள் வரிசையில் பக்கத்தில் நின்ற பெண் அவளை உற்றுப் பார்த்தாள்.

"போஸ்டர்ல கீற அம்மா நீதான? என் புள்ள ஒம்போதாவது படிக்கிறான். அந்தக் கருமத்த ஊதிக்கினு கீறான். நீ நல்லா இருப்பியா?"

ரஹீமுன்னிசாவுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பெண் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

போராட்டத்துக்குப் பலன் கிடைக்கத்தான் செய்தது. கட்சியின் மேல்மட்டம் கூடி, மின்னாவியை மிகக் கடுமையாக எதிர்ப்பது என்று முடிவெடுத்தது. சொன்ன வாக்குப்படி கன்னியப்பன் ஆதரித்தார், அந்த முடிவை. எதிர்ப்பைக் காட்ட ஒரு செயல் வேண்டுமே. துறைமுகத்தில் கிடந்த கண்டெய்னர் சரக்கை மக்கள் முன்னிலையில் அழிப்பது என்றார்கள். மக்கள் எங்கே அதிகமாக இருக்கிறார்களோ அங்கே எரித்தால் புகை ஆகாது என்று ஒரு நிபுணர் சொன்னார். ஆகவே எண்ணூரில், உசேன் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி யார்டில் குழி வெட்டினார்கள்.

எரிக்கிற அன்று காலையில்தான் இன்வெர்ட்டரும் வந்தது. பேட்டரியோடு. மேலே தவசிமுத்து கைகூப்பிச் சிரித்தார். மறுபக்கம், பேரத்தில் இல்லாத கன்னியப்பனும் சிரித்தார். கொடுப்பதைப் படம்பிடிக்க ஜெபினோடு இருவரும் நேரிலும் வந்திருந்தார்கள், தவசிமுத்துவின் காரில். எலக்ட்ரீஷியன் மாட்டி முடிப்பதற்குள் பின்பக்கத்து ஒலிபெருக்கி பேச ஆரம்பித்துவிட்டது. அலெக்ஸாண்டரின் குரல்.

"வடசென்னை மக்களின் நுரையீரலைக் காப்பது எங்கள் கடமை. இந்த நச்சுப் பொருள்களில் ஒன்றுகூட உங்கள் மூச்சுக்குள் போக விடமாட்டோம்."

பிறகு பற்றவைத்தார்கள்.

கடல் காற்று அன்றைக்கு நன்றாக வீசியது. கருப்பாக ஒரு புகை எழும்பி, யார்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கொடியில் கிடந்த துணியைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. எரிந்த பிளாஸ்டிக்கோடு மாம்பழ வாசனை. தெரு முழுக்கப் பங்கனப்பள்ளி பழுத்ததுபோல் இருந்தது. கன்னியப்பன் இருமிக்கொண்டே ஓடிப்போய் அந்தக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தவசிமுத்து மட்டும் வாசலில் நின்று ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"நம்ம சரக்குலே, ஜெபின்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன வாசம் பாத்தியா. பாவிப் பயலுவ."

ரஹீமுன்னிசா நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. உள்ளே விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம். உசேன் அவள் முதுகைத் தடவினான், ஜன்னலைச் சாத்தினான், பிறகு பைக்கைப் பார்த்தான். பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள அவளிடம் தெம்பு இல்லை.

"ஆட்டோ இட்டாறேன் ரஹீமு. தோ வந்துட்டேன். ஐயா, கொஞ்சம் பாத்துக்கங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். உங்க காரு—"

"காருல கன்னியப்பன் இருக்காவளே பாய்," என்றார் தவசிமுத்து. "நீங்க போயிட்டு வாங்க. நாங்க இருக்கோம்லா."

உசேன் ஓடினான். ரோட்டில் லாரிகள் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. எரிப்பதைப் பார்க்க வந்தவர்களின் வண்டிகள் சந்து முழுவதையும் அடைத்திருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டு போனது. இன்வெர்ட்டர் ஒரு தரம் பீப் என்றது. ஃபேன் நிற்கவே இல்லை. டியூப்லைட் கண்ணைக்கூட இமைக்கவில்லை. எலக்ட்ரீஷியன் பெருமையாகக் கைதட்டினான். தவசிமுத்துவும் தட்டினார். நெபுலைசர் இருந்த ஸ்டூலின் மேல் இப்போது டாக்டர் சீட்டும் பிரிக்காத மருந்தும் மட்டும் இருந்தன. பக்கத்துச் சுவரில், அவள் எப்போதும் மெஷின் ஒயரைச் சொருகும் பிளக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஜெபின் போனை நேராகப் பிடித்து, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்தான். நாற்காலியில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தோள்கள் ஏறி இறங்குவது நின்றிருந்தது. அமைதியாகிவிட்டாள் என்று அவனுக்குத் திருப்தி. இருமல் இருந்தால் ஆடியோ கெட்டுப்போகும்.

"அம்மா, ரெக்கார்டிங் ஓடிக்கினு கீது. மூச்ச நல்லா இழுத்து வுட்டுட்டு, இப்படி என்னப் பாத்து சொல்லுங்க, இந்த இன்வெர்ட்டர உங்களுக்கு யாரு குடுத்தாங்க?"